போட்டோ மாதிரி வா

கல்லடிப் பாலத்தடியில் இருந்த இராணுவச் சோதனைச் சென்றியில் அன்று புதியவன் ஒருவன் நின்றான். பேருந்தில் வந்த எல்லோரும் வழக்கம்போல இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி வரிசையாக நடந்தார்கள். சீதேவியின் முறை வந்ததும் அந்தப் பட்டாளத்துக்காரன் அட்டையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், திரும்பவும் அட்டையைப் பார்த்தான். பிறகு அவளை ஓரமாக நிற்கச் சொன்னான்.

"இது நீ இல்லே."

நான்தான் என்று அவள் சொன்னாள். அவன் இரண்டு உள்ளங்கைகளையும் தன் முகத்துக்கு இரு பக்கமும் நெருக்கிப் பிடித்து அட்டையைக் கண்ணால் காட்டினான். பிறகு கைகளை அகட்டி அவளைக் காட்டினான். பக்கத்தில் நின்றவன் சிரித்தான். பேருந்து அவளை விட்டுவிட்டுப் பாலத்தில் ஏறிப் போயிற்று.

மண்மூட்டைகளுக்குப் பக்கத்தில் வெயிலில் நின்றாள். அவளைத் தாண்டிப் போனவர்கள் எல்லோரும் வேறெங்கோ பார்த்துக்கொண்டு போனார்கள். கடைசியில் ஒரு பெண் பொலிஸ் வந்து, பெயர், ஊர், தகப்பன் பெயர் எல்லாம் கேட்டு, விடச் சொன்னாள். அட்டையைத் திருப்பிக் கொடுக்கும்போது பட்டாளத்துக்காரனிடம் கோபம் இருக்கவில்லை. பகிடியாகத்தான் சொன்னான்.

"அடுத்த முறை போட்டோ மாதிரி வா. சரியா?"

இதை வேறு யாரிடம் சொல்லியிருந்தாலும் அவர்கள் மனதுக்குள் நாலு ஏச்சு ஏசிவிட்டு மறந்திருப்பார்கள். சீதேவியால் முடியவில்லை. அவளுடைய உடம்பைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் அதை உத்தரவாக எடுத்துக்கொள்ளும் ஒரு நோய், ஒரு வருத்தம், அவளுக்கு இருந்தது. அது சுகமாகிக்கொண்டு வந்த நேரம் அது.

தொண்ணூறாம் ஆண்டு சண்டையில் சொந்த ஊரான தேற்றாத்தீவிலிருந்து எல்லோரும் ஓடியபோது, அவளும் அம்மா இராசாத்தியும் தம்பிமார் இரண்டு பேரும் வாவியைக் கடந்து மண்டூரில் சொந்தக்காரர் வீட்டில் இருந்தார்கள். அங்கே சோறு குறைவு. அவள் தன் பங்கைத் தம்பிமாருக்குக் கொடுத்தாள். நல்ல பிள்ளை என்று எல்லோரும் சொன்னார்கள். ஊர் திரும்பி, அரிசியும் மீனும் பழையபடி வந்த பிறகும் அவளால் தின்ன முடியவில்லை. பிறகு அதுவும் தலைகீழாக மாறி, ஒளித்துத் தின்பதும் தின்றதை வயிற்றில் நிற்க விடாமல் சத்தியெடுப்பதுமாகச் சில காலம் போனது. வீட்டில் இதற்குப் பெயர் வைக்கவில்லை. வயிற்று வருத்தம் என்று மட்டும் சொல்லிக்கொண்டார்கள். பாலத்துக்கு அப்பால் டவுனில் டொக்டர் கனகசிங்கம்தான் அதைப் பேசக்கூடிய ஒரு நோயாக எடுத்து வைத்து, பொறுமையாக அவளை மூன்று நேரமும் தின்ன வைத்தார்.

தின்னத் தொடங்கிய உடம்பு, பட்டினி திரும்பி வரும் என்று பயந்ததைப்போல எல்லாவற்றையும் சேர்த்து வைத்தது. முழங்கால் நோகத் தொடங்கியது. இரத்த அழுத்தமும் கூடியது. எடையைக் கொஞ்சம் குறைக்கத்தான் வேண்டும், ஆனால் உங்களுக்குக் குறைப்பதுதான் ஆபத்து என்று டொக்டர் நெடுநேரம் யோசித்தார். யோசித்து அவர் போட்ட திட்டத்தில் முதல் விதி, ஒரு நேரச் சாப்பாட்டையும் விடக்கூடாது என்பது. காலையில் பிட்டோ இடியப்பமோ, இடையில் ஒரு பழம், மத்தியானம் சோற்றைவிடக் கீரையும் மீனும் கூடுதலாக, பின்னேரம் அவித்த கௌபிப் பயறு, இரவு அளவாக. கிளினிக்கில் தராசு முள்ளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் ஏற வேண்டும். முள் காட்டுவதை டொக்டர் மட்டும் பார்ப்பார். மெதுவாக, மிக மெதுவாக என்றார்.

இராசாத்தி இதைப் பத்தியம் என்றாள். பிள்ளை பெற்றவளுக்குத்தானே பத்தியம், கலியாணம் ஆகாத பிள்ளைக்கு என்ன பத்தியம் என்று பக்கத்து வளவுக்காரி வேலியால் எட்டிப் பார்த்து விசாரித்து, ஒரு கிழமை முழுக்க வீட்டில் அதுவே சிரிப்பாக இருந்தது. சீதேவியும் சிரித்தாள். ஒழுங்கு என்றால் அவளுக்கு விருப்பம். திட்டத்தை ஒரு நாளும் பிசகாமல் செய்தாள். முழங்கால் நோவும் கொஞ்சம் விட்டிருந்தது.

இப்போது அவள் அட்டையை எடுத்து வைத்துப் பார்த்தாள். பதினெட்டு வயதில், வருத்தம் முற்றியிருந்த காலத்தில் எடுத்த படம். ஒடுங்கிய, அமைதியான முகம். கன்னம் அளவாக இருந்தது. கண்ணில் ஒரு வெளிச்சம் இருந்தது. அதுதான் அவளைக் குழப்பியது. அந்தக் காலத்தில் நான் அவ்வளவு மோசமாக இருக்கவில்லையே? டொக்டரும் அம்மாவும் பயந்த அளவுக்கு ஒன்றும் இல்லையே? தின்னாமல் இருந்தது எனக்குப் பொருந்தித்தானே இருந்திருக்கிறது?

டவுனில் அவள் பின்னேர வகுப்பில் தட்டச்சு படித்தாள். சோதனை வரப்போகிறது. பாலம் கடக்காமல் வகுப்பு இல்லை. ஆகவே போட்டோ மாதிரி வர வேண்டும். கணக்கு நேராக இருந்தது. முதலில் இடைநேரப் பழத்தை விட்டாள். பிறகு பேருந்துக்கு நேரமாகிறது என்று மத்தியானச் சாப்பாட்டை. அம்மா கடதாசியில் சுற்றிக் கட்டிக் கொடுக்கும் கௌபிச் சரையைப் பேருந்துத் தரிப்பிடத்து ஆடுகளுக்குக் கொட்டினாள். தலை லேசாகச் சுற்றியது. கூடவே அந்தப் பழைய சந்தோஷமும் வந்தது, எல்லாம் தன் பிடியில் இருப்பதைப்போல. அது வந்தபோதுதான் அவளுக்குப் பயமும் பிடித்தது. இந்தக் கணக்கைப் போடுவது நானா, வருத்தமா என்று தன்னையே கேட்டாள். பதில் தெரியவில்லை. சென்றிக்காரனும் அவளை நாளுக்கு நாள் ஏறிட்டுப் பார்த்து, சரி வருகிறது என்பதுபோலத் தலையை ஆட்டி, போ என்று கையைக் காட்டிக்கொண்டிருந்தான்.

வகுப்பில் அவளுக்குப் பக்கத்து வாங்கு இருக்கையில் கிளாடிஸ் இருப்பாள். போர்த்துக்கீசர் வழிவந்த பறங்கிப் பிள்ளை, தகப்பன் பேர்டி டவுனில் படம் பிடிக்கும் கடை வைத்திருந்தார். கௌபிச் சரையில் பாதி எப்போதும் கிளாடிஸுக்குத்தான் போகும். அதனால் அது வராமல் போனது முதலில் தெரிந்ததும் அவளுக்குத்தான்.

"என்னகா, இண்டைக்கும் கௌபி இல்லயா? என்னைப் பட்டினி போட்டுக் கொல்லப் பாக்கிறாய்."

சீதேவி சிரிக்கப் பார்த்தாள். தட்டெழுத்து இயந்திரத்தில் விரல்கள் பிழையான எழுத்துகளிலேயே விழுந்தன. கிளாடிஸ் அந்த விரல்களைப் பார்த்துவிட்டுப் பகிடியை நிறுத்தினாள். சீதேவிக்கு எப்படியோ வாய் திறந்துவிட்டது. சென்றியையும் அட்டையையும் அவன் சொன்னதையும் சொன்னாள். அதற்காக மெலிகிறேன் என்றும் சொன்னாள். சொல்லிக் கேட்கும்போது அது அவள் காதுக்கே விசர்ப் பைத்தியமாகப் பட்டது.

கிளாடிஸ் வாயைப் பிளந்துகொண்டு இருந்தாள்.

"முகத்தை மாத்திறத்தை விட போட்டோவை மாத்திறது லேசு கா," என்றாள்.

இத்தனை நாளில் சீதேவிக்கு இது ஒரு தரம்கூடத் தோன்றவில்லை. எது பொருந்தாவிட்டாலும் மாற வேண்டியது தன் உடம்புதான் என்று அவள் எப்போதோ முடிவு கட்டியிருந்தாள்.

அடுத்த வகுப்பு நாளில் இருவரும் நேரத்தோடு பேர்டியின் கடைக்குப் போனார்கள். ஊர் அதிகாரி விதானையாரிடம் புதுப்படம் கொடுத்தால், கொழும்பிலிருந்து புது அட்டை வரும் வரைக்கும் படத்தில் முத்திரை குத்திக் கடிதம் ஒன்று தருவார், அதைக் காட்டலாம் என்று பேர்டி விளக்கினார். திரைக்கு முன்னால் ஸ்டூலில் அவளை இருத்தி விளக்கைத் திருப்பினார். கமராவுக்குப் பின்னால் குனிந்தவர் நிமிர்ந்தார்.

"கன்னத்தைக் கொஞ்சம் சீவி விடட்டோ மகள்? நெகட்டிவ்வில பிளேட்டால மெல்லச் சுரண்டினால் போகும். கலியாணப் படத்துக்கெல்லாம் நான் செய்யிறதான்."

சீதேவி கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். மெலிந்த முகம் இந்தா என்று சும்மா கிடைக்கிறது. பட்டினியும் வேண்டாம், ஆடுகளும் வேண்டாம். ஓம் என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. ஆனால் அதன் பிறகு சென்றியில் என்ன காட்டுவது? அந்தப் படம் மாதிரியும் வர வேண்டுமே.

அவள் தயங்குவதைப் பேர்டி வேறு விதமாக எடுத்துக்கொண்டார். நல்லாத்தான் வரும், பயப்படாதே, முந்தியும் உனக்குச் செய்து தந்தேனே என்றார். முந்தி என்றால் எப்போது என்று அவள் கேட்டாள்.

"இந்த அட்டைப் படந்தான். இது என்ட கையால வந்தது. ஆனால் அண்டைக்குச் சீவயில்ல மகள், பூசினது."

அவர் உள்ளே போய் இழுப்பறைகளைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. பழைய உறை ஒன்றோடு வந்தார். அதற்குள்ளிருந்த நெகட்டிவ்வை ஜன்னலடிக்குக் கொண்டுபோய்ச் சரித்துப் பிடித்தார். கறுத்த முகம், வெள்ளைத் தலைமயிர். இரண்டு கன்னத்திலும் நுணுக்கமான கோடுகள் வெளிச்சத்தில் மினுங்கின. பென்சில்.

"கன்னம் இரண்டும் பள்ளமாக் கிடந்தது. இருட்டு. பள்ளத்துக்கு மேலே பென்சில் போட்டால் படத்தில வெள்ளையா வரும், சதை மாதிரி. கண்ணுக்குள்ளயும் ஒரு புள்ளி வைச்சன். உன்ட அம்மாதான் கேட்டவ. நீ வெளியில நிண்ட நேரம் என்ட கையைப் பிடிச்சுக்கொண்டு அழுதவ. என்ட புள்ளைக்குக் கொஞ்சம் சதை போட்டுத் தாங்க எண்டு."

கிளாடிஸ் கிட்ட வந்து குனிந்து பார்த்தாள்.

சீதேவி நெகட்டிவ்வை வாங்கி அவளும் சரித்துப் பார்த்தாள். நேரே பிடித்தால் கோடுகள் மறைந்தன. சரித்தால் தெரிந்தன. அந்தக் கன்னம் அவளுக்கு ஒரு நாளும் இருந்ததில்லை. அந்தக் கண் வெளிச்சமும் இல்லை. அவ்வளவு மோசமில்லை என்று அவளுக்குச் சாட்சி சொன்ன முகம் உலகத்தில் யாருக்கும் இருந்ததில்லை. அந்தப் போட்டோ மாதிரி வருவதற்கு அதில் ஒருவரும் இல்லை.

நெடுநாளாகத் தலைச்சுமையோடு நின்ற ஒருத்தியிடமிருந்து யாரோ வந்து சுமையை வாங்கியதைப்போல இருந்தது. வாங்கியவர் பேர்டி அல்ல, அம்மாவும் அல்ல. அது என்னவென்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. பசிக்கிறது என்பது மட்டும் தெரிந்தது.

"சீவ வேணாம் அங்கிள். உள்ளபடி எடுங்க," என்றாள்.

படம் எடுத்த பிறகு அங்கேயே, ஸ்டூலை விட்டு இறங்காமல், அன்று ஆடுகளுக்குக் கொட்டாமல் கைப்பையில் வைத்திருந்த சரையைப் பிரித்தாள். கௌபி கொஞ்சம் நசிந்திருந்தது. பாதியைக் கிளாடிஸிடம் நீட்டினாள்.

"முழுக்கத் தின்னு கா," என்றாள் கிளாடிஸ். பிறகு, ஆசையை அடக்க முடியாமல், கொஞ்சம் எடுத்தாள்.

கிளினிக்குக்குப் போனபோது, சாப்பாட்டை விட்டதை அவளாகவே சொன்னாள். டொக்டர் ஏசுவார் என்று நினைத்திருந்தாள். அடுத்த நேரச் சாப்பாட்டிலிருந்து தொடங்கினால் போதும், பட்டினிக்கு ஈடாக எதையும் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம் என்றார். முதுகைக் காட்டித் தராசில் ஏறினாள். முள் நின்ற இடத்தை அவர் பார்த்துவிட்டு, திட்டம் அப்படியே இருக்கட்டும் என்றார்.

புதுப்படத்தை வீட்டில் அம்மாவிடம் கொடுத்தாள். இராசாத்தி கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கினாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு பெருவிரலால் படத்தின் கன்னத்தை மெல்லத் தேய்த்துப் பார்த்தாள்.

"பேர்டி போட்டதா புள்ள?"

"இல்லம்மா. இது என்டதான்."

இராசாத்தி படத்தைத் திருப்பிக் கொடுத்தாள். அடுப்படிக்குப் போனவள், சோறு போடவா என்று அங்கிருந்து கேட்டாள். அளவாப் போடுங்க என்றாள் சீதேவி.

விதானையாரின் கடிதத்தோடு பாலத்தடிக்குப் போன முதல் நாள் அதே பட்டாளத்துக்காரன்தான் நின்றான். முத்திரை குத்திய படத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"ஆ. இது நீ."

பிறகு பழைய அட்டையையும் தூக்கிப் பிடித்து, இது யார், தங்கச்சியா என்று கேட்டான். உண்மையாகவே அறிய விரும்பியவனைப்போலத்தான் கேட்டான்.

"அது ஒருத்தரும் இல்ல," என்றாள் சீதேவி.

அவன் இரண்டையும் திருப்பிக் கொடுத்தான். பேருந்து அவளுக்காகக் காத்திருந்தது.