நகர்வலம் போன ஆமைவால் தீவு

எட்டாம் மாதப் பௌர்ணமிக்கு மறுநாள் காலை, ஆமைவால் தீவு சியாமென் நகரத்தைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பியது. முதல் படகைப் பிடிக்கப் படித்துறைக்கு வந்த மீன்காரிகள்தான் முதலில் கவனித்தார்கள். படகு நின்ற இடத்தில் நின்றது, படித்துறைதான் போய்க்கொண்டிருந்தது. அன்று கொடுவா மீன் அரைக்கிலோ முப்பது யுவான், காற்று கிழக்கிலிருந்து, தீவின் வேகம் அவசரமில்லாதவன் சைக்கிள் மிதிக்கிற அளவு. அடுப்பிலிருந்த கஞ்சி தளும்பவில்லை, கோழிகள் வழக்கம்போல மேய்ந்தன. துறைமுகக் கண்காணிப்பு அறையிலிருந்து வானொலியில் பெயரும் பதிவு எண்ணும் கேட்டார்கள். பதில் வராததால் ரோந்துப் படகு ஒன்று பக்கத்திலேயே கொஞ்ச தூரம் ஓடிவந்து, வலப்பக்கமாகவே போகும்படி ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டுத் திரும்பியது. தீவும் சொன்னபடி வலப்பக்கமாகவே போனது.

இதற்கெல்லாம் யூஷான்தான் காரணம் என்று ஊர் சொல்கிறது, அவளும் மறுத்ததில்லை. ஆமைவாலில் பிறந்து வளர்ந்த யூஷான், தீவுகளைச் சுற்றிக் காட்டும் உல்லாசப் படகில் வழிகாட்டி. மைக்கைப் பிடித்தால் பாலத்தின் நீளத்திலிருந்து கொக்கின் வயது வரை தடங்கலில்லாமல் சொல்வாள், பாதி அவளே கட்டிவிட்டது. ஒவ்வொரு நடையிலும் தன் சொந்தத் தீவு வரும்போது மட்டும், "இடது பக்கம் தெரியறது ஆமைவால் தீவு. பாக்கறதுக்கு ஒண்ணுமில்ல. வலது பக்கம் திரும்புங்க, குலாங்யூ!" என்பாள். படகே ஒரு பக்கம் சாய்கிற மாதிரி எல்லோரும் வலப்பக்கம் ஓடுவார்கள். குலாங்யூவில் பழைய மாளிகைகள் உண்டு, ஜன்னலுக்கு ஜன்னல் பியானோ உண்டு, மயில்கொன்றை மரத்தடியில் படமெடுத்துக்கொள்ள வெள்ளை கவுனில் வரிசைகட்டி நிற்கும் மணப்பெண்கள் உண்டு. ஆமைவாலில் இருந்ததெல்லாம் நாற்பது வீடு, சிப்பி ஓட்டுக் குவியல், கடலம்மன் மாஜுவுக்கு ஒரு சின்னக் கோயில். இதையே தினமும் காது கொடுத்துக் கேட்ட தீவுக்கு மனசு என்ன பாடுபட்டிருக்கும் என்று யாரும் யோசிக்கவில்லை. தீவுக்கு மனசு உண்டு என்றே அப்போது தெரியாது.

யூஷானுக்கும் வேறு கவலை இருந்தது. அவள் வென்தாவைக் கட்டிக்கொள்ள வேண்டும். குலாங்யூவில் கல்யாணப் படம் எடுக்கும் வென்தாவ், பகலெல்லாம் ஊரார் ஜோடிகளைச் சிரிக்க வைத்துவிட்டு, சாயங்காலம் படகுத்துறையில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்பான். எங்கள் பக்கத்தில் கல்யாண விருந்தின் முதல் நாற்காலி தாய்மாமனுக்குத்தான். அவர் வந்து உட்கார்ந்து சாப்பாட்டுக் குச்சியை எடுக்கிற வரை வேறு யாரும் ஒரு பருக்கையைத் தொடக் கூடாது. தொட்டால் அது கல்யாணமே இல்லை. யூஷானின் தாய்மாமன் ஜின்லாய், நகரத்துக் கடலோரத்தில் வேர்க்கடலைக் குழம்பு நூடுல்ஸ் கடை வைத்திருந்தார். அவர் ஆமைவால் மண்ணில் கால் வைப்பதில்லை என்று சபதம் செய்திருந்தார். யூஷானின் அப்பா ஷுய்வாங், சிப்பி வளர்ப்பவர், நகரத்து மண்ணில் கால் வைப்பதில்லை என்று பதில் சபதம் செய்திருந்தார். பல்வலி வந்தபோதுகூட வைத்தியரைத்தான் படகில் வரவழைத்தார்.

சண்டை பகடையில் வந்தது. எட்டாம் மாதப் பௌர்ணமியில் வரும் நிலாப் பண்டிகைக்குச் சியாமெனில் வீட்டுக்கு வீடு ஆறு பகடையைப் பீங்கான் கிண்ணத்தில் உருட்டிப் பரிசு எடுப்பார்கள். துண்டு, சோப்பு, எண்ணெய் டின் என்று வருஷத்துக்குத் தேவையானதெல்லாம் அதிலேயே வந்துவிடும். நான்கு சிவப்பு நாலும் இரண்டு ஒன்றும் விழுந்தால் அதற்குத் தங்கப்பூ என்று பெயர், அதற்கு மேல் ஆட்டமில்லை. தங்கப்பூ போட்டவன் அந்தக் காலத்தில் அரசாங்கப் பரீட்சையில் முதலாவதாக வந்தவனுக்குச் சமம். பெரிய நிலா அப்பம் அவனுக்கு. தலையில் பூச்செருகி நகர்வலம் வேறு. ஆனால் ஒரு பகடை கிண்ணத்தை விட்டு வெளியே குதித்தாலும் ஆட்டம் செல்லாது. யூஷான் பால்பல் விழாத வயதில் ஜின்லாய் ஒருமுறை தங்கப்பூ போட்டார். ஆறாவது பகடை கிண்ணத்தின் விளிம்பில் பட்டு உள்ளே விழுந்தது என்றார் அவர். மேசையில் பட்டுத் துள்ளி உள்ளே போனது என்றார் ஷுய்வாங். விடிவதற்குள் மச்சான்கள் இருவரும் ஜென்மப் பகையாகிவிட்டார்கள். அப்பம் பக்கத்து வீட்டுக்குப் போனது.

பேச்சு நின்றதே தவிரச் சாப்பாடு நிற்கவில்லை. யூஷான் படகில் போக வர, கடையிலிருந்து குழம்பும் தீவிலிருந்து சிப்பியும் கை மாறின. ஷுய்வாங் குழம்பை வழித்துக் குடித்துவிட்டு, எந்தக் கடை, உப்பு தூக்கல் என்பார். ஜின்லாய் சிப்பியை மோந்து பார்த்துவிட்டு, யார் வளத்ததோ, சோம்பேறிச் சிப்பி என்பார். கல்யாணத்தை நடுக்கடலில் உல்லாசப் படகிலேயே வைத்துவிடலாம் என்று வென்தாவ் ஒரு வழி சொன்னான். ஷுய்வாங் உடனே, "படகு எந்த ஊர்ல பதிவாயிருக்கு? சியாமென்லதானே? அப்ப அந்தப் பலகையும் சியாமென்தான். நான் காலை வெக்கறதா?" என்று கேட்டார். இப்படியே வருஷங்கள் ஓட, வென்தாவின் தாயார் பொறுத்துப் பார்த்துவிட்டு, எட்டாம் மாதம் முடிவதற்குள் விருந்து நடக்காவிட்டால் வேறு பெண் பார்ப்பதாகத் தெளிவாகச் சொல்லிவிட்டார். வென்தாவ் நல்லவன்தான், ஆனால் அம்மாவை எதிர்த்துப் பேசத் தெரியாதவன். யூஷான் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

அந்த வருஷப் பண்டிகையில் எல்லோரும் உருட்டி முடித்தார்கள். வராதவர்களுக்காகவும் ஒரு தரம் உருட்டுவது வழக்கம். யூஷானின் அம்மா பாவ்ஜு எல்லா வருஷமும் போலத் தம்பிக்காக உருட்டி, ஒரு சோப்பு ஜெயித்துத் தனியாக எடுத்து வைத்தாள். யூஷான் கடுப்பில் கிண்ணத்தை இழுத்தாள். "இந்தத் தீவுக்கும் ஒரு ஆட்டம் போடறேன். பொறந்ததுலேர்ந்து ஒரு இடத்துக்கும் போகாம உக்காந்திருக்கு, எங்கப்பா மாதிரியே" என்று சொல்லி உருட்டினாள். நான்கு சிவப்பு நாலு, இரண்டு ஒன்று. ஒரு பகடையும் விளிம்பைக்கூடத் தொடவில்லை. எல்லோரும் சிரித்தார்கள், பெரிய அப்பத்தைத் தீவின் பேரில் மாஜு கோயிலில் வைத்தார்கள். பாவ்ஜு மட்டும் கோயில் கூரையில் ஒரு சாமந்திப் பூவைச் செருகிவிட்டு வந்தாள், முறை என்றால் முறை என்று. தங்கப்பூ போட்டவனை நாலு பேர் தோளில் தூக்கி நகர்வலம் கொண்டுபோவார்கள். தீவைக் கடல் தூக்கிக்கொண்டது.

காலையில் விஷயம் புரிந்ததும் ஆமைவாலில் ஒரே கும்மாளம். பாட்டிலோடு கூரையில் ஏறி உட்கார்ந்தவர்கள் நகரத்துக் கோபுரக் கட்டடங்களுக்குக் கையசைத்தார்கள். பெரிய பாலத்தின் அடியில் போகும்போது கோயில் கூரைச் சாமந்தி பாலத்தை உரசாமல் குனிந்துகொண்டது. கடற்கரைச் சாலையில் சைக்கிள்காரர்கள் கூடவே மிதித்து வந்தார்கள். தீவு ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் நின்று, நிதானமாகப் பார்த்து, மனசு நிறைந்த பிறகுதான் நகர்ந்தது. கொக்குகள் நிற்கும் ஏரிவாயில் அதிக நேரம் நின்றது. அடுத்த நிறுத்தம் எதுவென்று பாவ்ஜுவுக்குத்தான் முதலில் பிடிபட்டது. நகர்வலம் போகிறவன் மாமன் வாசலில் நிற்காமல் போவானா? தீவுக்காகப் பகடை உருட்டியது யூஷான், ஆக யூஷானின் மாமன்தான் தீவுக்கும் மாமன்.

"ஏய், அரிசியை ஊறப் போடு. வாத்தை அறு. அந்தப் பையனுக்கு போன் பண்ணு" என்று பாவ்ஜு அலறினாள்.

யூஷான் போனில் வென்தாவிடம், "கோட்ட மாட்டிக்கிட்டு உங்கம்மாவையும் கூட்டிக்கிட்டு எங்க மாமா கடைக்கு வா. இன்னைக்குத்தான் கல்யாணம்" என்றாள்.

"எங்க, தீவுலயா, ஊர்லயா?" என்று பயந்தபடி கேட்டான் அவன்.

"ரெண்டுலயும்தான். வாடா முதல்ல!"

மதியம் தீவு ஜின்லாயின் கடை முன்னால் கடற்சுவரை ஒட்டி வந்து நின்றது. இடையில் ஒரு சாண் தண்ணீர். ஷுய்வாங்கால் இனி ஒன்றும் சொல்ல முடியவில்லை, அவர் தன் மண்ணில்தான் நின்றார். ஜின்லாயும் தன் கடை வாசலில்தான் நின்றார், கையில் கரண்டி, இடுப்பில் ஏப்ரன். பாவ்ஜு வீட்டுக் கதவைக் கழற்றிக் கொண்டுவந்து, முக்கால் பாகம் தீவிலும் கால் பாகம் நகரத்திலுமாகக் கிடத்தி, மேலே துணி விரித்து, வாத்தும் சிப்பி முட்டைப் பொரியலும் மீனும் பரப்பினாள். நகரத்து முனையில் முதல் நாற்காலி. ஜின்லாய் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். வென்தாவும் அவன் அம்மாவும் அந்த ஒரு சாண் தண்ணீரைத் தாண்டித் தீவுப் பக்கம் வந்தார்கள். யூஷான் மாமாவின் கையையே பார்த்தாள். மாமா குச்சியை எடுத்தால் போதும்.

மாமா எடுக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு வாத்தைப் பார்த்தார். "ஒருத்தருக்கு ஒரு விஷயம் நல்லாத் தெரியும். தெரிஞ்சும் சொல்லல" என்று வாத்திடம் சொன்னார்.

"கண்ணால பாத்ததத்தான் சொன்னேன்" என்று மீனிடம் சொன்னார் ஷுய்வாங்.

வென்தாவின் அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பாவ்ஜுவுக்கு எங்கிருந்து வந்ததோ கோபம், பகடைக் கிண்ணத்தைக் கொண்டுவந்து கதவின் நடுவில் டமாரென்று வைத்தாள். "உருட்டித் தொலைங்க ரெண்டு பேரும். இல்லேன்னா உங்க ரெண்டு பேரையும் தண்ணியில தள்ளிட்டு நானே அந்த நாற்காலில உக்காருவேன்" என்றாள். பெரியவர் என்பதால் ஷுய்வாங் முதலில் உருட்டினார். கிண்ணத்துக்குள் மூன்று நாலு, இரண்டு ஒன்று. ஆறாவது பகடை விளிம்பைத் தாண்டிக் குதித்து, வாத்தைச் சுற்றி உருண்டு, கதவின் முனையிலிருந்து விழுந்து, ஜின்லாயின் செருப்பருகே நின்றது. செல்லாத ஆட்டத்திலேயே இதைவிடச் செல்லாத ஆட்டம் கிடையாது. ஜின்லாய் குனிந்து பகடையை எடுத்தார்.

அந்த நேரம் பார்த்துத் தீவு கிளம்பிவிட்டது. நகர்வலம் போகிறவனுக்கு ஓரிடத்திலேயே உட்கார்ந்திருக்க முடியுமா? கதவும் வாத்தும் கிண்ணமும் ஐந்து பகடையும் தீவோடு போயின. ஒரு சாண் ஒரு முழமாயிற்று. ஜின்லாய் ஆறாவது பகடையோடு கரையில் எழுந்து நின்றார்.

"மச்சான், பகடைய வீசுய்யா!" என்று கத்தினார் ஷுய்வாங். அத்தனை வருஷத்தில் அவரிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அது.

"வீசினா வெளியதான் விழும்! மறுபடி செல்லாதும்ப!"

"அப்ப நீ வாய்யா!"

முழம் இரண்டு முழமாயிற்று. ஜின்லாய் கரண்டியைக் கீழே போட்டார், பகடையை வாயில் கவ்விக்கொண்டார், அறுபது வயசு உடம்பைத் தூக்கிக்கொண்டு குதித்தார். ஷுய்வாங் ஏப்ரனைப் பிடித்து இழுக்க, இருவரும் சிப்பி ஓட்டுக் குவியலில் சேர்ந்து விழுந்தார்கள். ஜின்லாய் எழுந்து, பகடையைச் சட்டையில் துடைத்து, நேராகக் கிண்ணத்துக்குப் போய், சிவப்பு நாலு மேலே தெரியும்படி மெதுவாக உள்ளே வைத்தார். "கிண்ணத்துக்குள்ளதான் விழுந்திருக்கு. நான் பாத்தேன்" என்றார் எல்லோரிடமும்.

ஷுய்வாங் குனிந்து கிண்ணத்துக்குள் பார்த்தார். பிறகு, "அன்னைக்கும் விளிம்புலதான் பட்டுச்சு, மச்சான். நானும் பாத்தேன்" என்றார்.

பாவ்ஜு ஒரு முக்காலியைக் கொண்டுவந்து கதவின் தலைப்பில் போட்டாள். ஜின்லாய் உட்கார்ந்து குச்சியை எடுத்து, வாத்தில் நல்ல துண்டாகப் பார்த்து ஷுய்வாங்கின் கிண்ணத்தில் வைத்தார். யூஷான் ஓவென்று அழுதுகொண்டே சிரித்தாள், வென்தாவின் அம்மா இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார். தீவு குலாங்யூவைச் சுற்றியபோது பியானோக்கள் நின்றுபோயின, மயில்கொன்றை மரத்தடி மணப்பெண்கள் கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கரைக்கு ஓடிவந்தார்கள். வென்தாவ் தன் கல்யாணத்துக்குப் படமெடுக்க ஆள் சொல்ல மறந்திருந்தான். குலாங்யூவில் அன்று இருந்த அத்தனை சுற்றுலாக்காரர்களும் எடுத்தார்கள். எல்லாப் படத்திலும் ஜின்லாய் வாயில் சாப்பாட்டோடு இருக்கிறார்.

இருட்டுவதற்குள் தீவு தன் இடத்துக்கு வந்து சேர்ந்தது, முகம் மட்டும் திரும்பியிருந்தது. பழைய கொல்லைப்புறங்களில் இப்போது காலை வெயில் அடிக்கிறது, துணி சீக்கிரம் காய்கிறது. சபதத்தை மீறிவிட்டாயே என்று யாராவது கேட்டால், தான் தீவில் கால் வைக்கவில்லை, விழுந்ததுதான் என்பார் ஜின்லாய். ஷுய்வாங் அடுத்த மாதமே நகரத்துக்குப் போய் நல்ல வைத்தியரிடம் பல்லைப் பிடுங்கிக்கொண்டு, மச்சான் கடையில் கஞ்சி குடித்துவிட்டு, உப்பு தூக்கல் என்று நேரிலேயே சொன்னார். படகுத்துறையில் இப்போது ஒரு பலகை இருக்கிறது. ஒவ்வொரு வருஷமும் பௌர்ணமிக்கு மறுநாள் ஆமைவாலுக்குப் படகு கிடையாது, பார்க்க வேண்டியவர்கள் கரையிலேயே காத்திருக்கவும் என்று எழுதியிருக்கிறது. யூஷான் இன்னும் அதே படகில்தான் வேலை பார்க்கிறாள். மற்ற நாட்களில் அந்த இடம் வந்ததும் மைக்கை வாயருகே கொண்டுபோய்ச் சொல்கிறாள்:

"இடது பக்கம் பாருங்க, ஆமைவால் தீவு. இன்னைக்கு வீட்டுலதான் இருக்கு."