பேரில்லாத மெட்டு

ஸ்டூரே ஒரு மெட்டை வாசிப்பதற்கு முன் அதன் குலம் கோத்திரம் முழுவதையும் சொல்லிவிடுவான். "இந்தப் போல்ஸ்கா ஆட்ட மெட்டு எனக்கு ஹெல்யே கிட்ட இருந்து வந்தது. ஹெல்யேக்கு அவர் மாமா ஆல்பின் சொல்லிக்கொடுத்தார். ஆல்பினுக்கு இரும்பாலைக் கொல்லன் யெர்க்." ஸ்வீடனின் உப்லாந்து கிராமங்களில் அதுதான் மரியாதை. யாரிடம் கற்றோம் என்று சொல்லாமல் நிக்கல்ஹார்ப்பா வாத்தியத்தின் கட்டையைத் தொட்டால், எதிரே உட்கார்ந்திருக்கும் கிழங்கள் காபியைக் கீழே வைத்துவிட்டு முறைக்கும்.

கூட வாசிக்கும் யின்ஷுவின் மெட்டுக்கு மட்டும் அந்த மரியாதை கிடையாது. "அடுத்து, பழங்காலச் சீன மெட்டு ஒண்ணு," என்பான். ஏதோ மண்ணைத் தோண்டி எடுத்த பானை மாதிரி.

அதைப் போட்டவர் அவளுடைய அப்பா ஷென் பாவ்லின். சீனாவில் வூஷி கால்வாயில் மணல் படகு ஓட்டியவர். மதகு திறக்கக் காத்துக் கிடந்த நேரங்களில் எர்ஹுவின் இரண்டு தந்திகளில் இழுத்து இழுத்துப் பார்த்து அமைத்தது. போன ஜனவரியில் இறந்துபோனார். ஊருக்குப் போய்க் காரியம் முடித்துத் திரும்பியதிலிருந்து யின்ஷு கேட்டது ஒன்றே ஒன்றுதான். மேடையில் அப்பா பேரைச் சொல்ல வேண்டும்.

இசைக்கூடலுக்குக் காரில் வரும்போதும் பேரைச் சொல்லிக் கேட்டாள்.

"சொல்லலாம். ஆனா படகுக்காரர்னா கேக்கறவங்களுக்கு ஒரு இது வராது, யின்ஷு. பழங்காலம்னாதான் மயங்குவாங்க."

"உன் யெர்க் மட்டும் ராஜாவா? கொல்லன்தானே."

"அது வேற. அது மரபு."

"எங்கப்பா என்ன, மழையில முளைச்சாரா?"

"சரி, இன்னிக்குச் சொல்றேன், விடு."

இரண்டு நாட்டு இசையைக் கலக்கிறோம் என்று சுவரொட்டி ஒட்டிக்கொள்ளும் மகானுபாவன் அவன். ஒரு பக்கம் பேரோடு வரலாம், மறுபக்கம் பேரில்லாமல்தான் வர வேண்டும்.

கூடாரத்து மேடையில் ஏறியதும், "ஆயிரம் வருஷத்துக்கு முந்தின சீன மெட்டு. யார் போட்டதுன்னு யாருக்கும் தெரியாது," என்றான். கூட்டம் கண்ணை மூடித் தலையாட்டியது. அப்பா போய் ஆறு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் அவரைப் புதைபொருள் ஆக்கிவிட்டான். யின்ஷு பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்து முடித்தாள்.

அடுத்தது ஆல்பினின் போல்ஸ்கா; கூட்டத்தின் கையிலிருந்த நிகழ்ச்சி நிரலிலும் அப்படித்தான் போட்டிருந்தது. ஸ்டூரே தொண்டையைச் செருமுவதற்குள் அவள் மைக்கை இழுத்துக்கொண்டாள்.

"அடுத்து, ஸ்வீடன் நாட்டுப் பழைய மெட்டு. ஆயிரம் வருஷம் இருக்கும். யார் போட்டதுன்னு யாருக்கும் தெரியாது."

முன்வரிசையில் ஒரு கிழவர் எழுந்தே விட்டார். "யாரும்மா சொன்னது தெரியாதுன்னு? ஆல்பின் என் பெரியப்பா." பின்னாலும் முணுமுணுப்பு கிளம்பியது. ஸ்டூரேயின் காது சிவந்துவிட்டது.

"தப்புதாங்க. பேர் சொல்லாம வாசிக்கக் கூடாது, இல்ல?"

"கூடவே கூடாது," என்றார் கிழவர்.

"அப்ப முன்னாடி வாசிச்சோமே, அது?" என்று மைக்கை ஸ்டூரேயின் வாய்க்கு நேரே நீட்டினாள்.

யெர்க்கின் பாட்டன் வரை ஒப்பிக்கிற வாய் அது. "அது வந்து..." என்று திறந்தது, மூடிக்கொண்டது. காலையில் காரில் கேட்ட பேர்கூட வரவில்லை. கடைசியில் அவள் பக்கம் குனிந்து, "உங்கப்பா பேர் என்ன?" என்றான். மைக் அதைக் கூடாரம் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

யின்ஷு கூட்டத்தைப் பார்த்தே சொன்னாள். "ஷென் பாவ்லின். மணல் படகு ஓட்டினவர். அவர்கிட்ட இருந்து எனக்கு வந்துச்சு. ஸ்டூரேக்கு இன்னும் வந்து சேரல."