முதல் சொல்லை ரேடியோ தின்றுவிடும்

அத்தைக்கு வலது கால் இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. ஆலையின் இரும்புப் படியில் வழுக்கிவிட்டார். ஆறு வாரம் கட்டு. மருத்துவமனையிலிருந்து திரும்பும்போது காரில் அவர் கேட்டது ஒன்றுதான்.

"சனிக்கிழமை பெரிய தளம் போடறாங்க மாப்பிள்ளை. லாரியை யாரு அனுப்புவாங்க?"

அத்தை என் மனைவியின் அம்மா. ரெடிமிக்ஸ் கான்கிரீட் ஆலையில் கன்ட்ரோல் அறை அவர் கையில். ஒன்பது கலவை லாரிகள். எந்த லாரி எப்போது உள்ளே வந்து கலவை ஏற்ற வேண்டும், எப்போது கிளம்ப வேண்டும் என்பதெல்லாம் அவர் வாக்கிடாக்கியில் சொல்வதுதான். லாரிகள் அடுத்தடுத்துப் போய் நின்றால் கலவை டிரம்மிலேயே இறுகிவிடும். இடைவெளி விழுந்தால் பழைய கலவையோடு புதியது ஒட்டாது, தளம் கெட்டுவிடும். பத்தொன்பது வருடமாக அவர் நாற்காலியில் வேறு யாரும் உட்கார்ந்ததில்லை.

மனைவி இறந்து பதினான்கு மாதம். நான் அந்த வீட்டிலேயே இருந்துவிட்டேன். போ என்று யாரும் சொல்லவில்லை. நானும் போகவில்லை. பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் லேப் என் பொறுப்பு. நானும் அத்தையும் ஒரு நாளைக்குப் பத்து வாக்கியம் பேசினால் அதிகம். அதில் நான்கு, சாப்பிட்டாயிற்றா என்பது.

வியாழக்கிழமை மேனேஜர் பழங்களோடு வந்தார். பையை மேசைமேல் வைத்துவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

"நம்ம இன்னொரு ஆலையிலேர்ந்து ஒருத்தர் வராரும்மா. எல்லாத்தையும் கம்ப்யூட்டர்லயே பாத்துடுவாராம். சனிக்கிழமை அவர் உக்காரட்டும். நல்லா வந்துச்சுன்னா அவரையே வச்சுக்கலாம்னு மேல நினைக்கறாங்க. உங்களுக்கும் ஓய்வு."

"எனக்கு எதுக்கு சார் ஓய்வு? காலுதான உடைஞ்சுது. வாய் நல்லாத்தான இருக்கு."

"வாய் இங்க இருக்கு, லாரி அங்க இருக்கேம்மா."

ஆலை ரேடியோ எட்டு கிலோமீட்டர்தான் எட்டும். வீடு பதினாறு கிலோமீட்டர். அத்தை என்னைப் பார்த்தார். அவர் என்னிடம் எதையும் கேட்டதில்லை. அன்றும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

"ஒரு நாள் குடுங்க சார்" என்றேன்.

இன்னொரு போன் தேவைப்பட்டது. வீட்டில் சும்மா கிடந்தது ஒன்றுதான்.

"மேல் டிராயர்ல இருக்கு. எடுத்துக்கோங்க" என்றார் அத்தை.

என் மனைவியுடைய போன். சார்ஜ் ஏறியது.

வெள்ளிக்கிழமை அதை ஆலைக்குக் கொண்டுபோய் ஒரு வாக்கிடாக்கியோடு கம்பியால் இணைத்தேன். இரண்டு போன்களிலும் பட்டனை அழுத்திப் பேசும் ஆப் ஒன்றைப் போட்டேன். அத்தை வீட்டில் அழுத்திப் பேசினால் குரல் இணையம் வழியாக ஆலைப் போனுக்கு வரும். அங்கிருந்து கம்பி வழியாக ரேடியோவுக்குப் போகும். குரல் கேட்டதும் ரேடியோ தானாக விழித்துக்கொண்டு லாரிகளுக்கு அனுப்பும். லாரிக்காரர்கள் பேசினால் அதே வழியில் திரும்பிப் போகும். இணைக்க ஒரு மணி நேரம். ஒலி அளவைச் சரிசெய்ய இரண்டு மணி நேரம்.

மாலை நான்கு மணிக்குச் சோதனை. கன்ட்ரோல் அறைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேனேஜர் பக்கத்தில் நின்றார். அத்தையின் குரல் வந்தது.

"உள்ளே வா."

ஐந்து லாரிகள் ஒரே நேரத்தில் கிளம்பிக் கலவை கொட்டும் வாய்க்கு முன்னால் முட்டிக்கொண்டு நின்றன.

"யாருய்யா உன்னைக் கூப்பிட்டது?"

"அக்காதான்."

"என்னையும்தான் கூப்பிட்டாங்க."

"பந்திக்கு முந்தற மாதிரி வரீங்களேய்யா! பின்னாடி எடு. எடுய்யா!" என்று மேனேஜர் கத்தினார்.

ரேடியோ விழித்துக்கொள்ள அரை நொடி ஆகிறது. அந்த அரை நொடியில் முதல் சொல் போய்விடும். அத்தை எப்போதும் லாரி எண்ணில்தான் தொடங்குவார். "ஏழு, உள்ளே வா" என்றுதான் சொல்லியிருக்கிறார். ஏழை ரேடியோ தின்றுவிட்டது.

"அந்த ஆளையே வரச் சொல்லிடவா?" என்றார் மேனேஜர்.

நான் அத்தையைப் போனில் கூப்பிட்டேன்.

"அத்தை, முதல் சொல் இங்க வரல. முதல்ல சும்மா ஏதாவது ஒரு சொல்லைச் சொல்லிட்டு அப்புறம் நம்பரைச் சொல்லுங்க."

"என்ன சொல்லு?"

"எதுவா இருந்தாலும் சரி. யாருக்கும் கேக்காது."

"எதுவா இருந்தாலுமா?"

"எதுவா இருந்தாலும்."

அப்புறம் எட்டு முறை கூப்பிட்டார். எட்டு முறையும் சரியான லாரி வந்தது. மேனேஜர் தலையாட்டினார்.

"சரி, நாளைக்கு அம்மாவே பாக்கட்டும். அவரும் வந்து இங்க நிப்பாரு. ஒரு லாரி தப்பாப் போனாலும் மைக்கை அவர் கையில குடுத்துடுவேன்."

சனிக்கிழமை விடிந்ததும் ஆப்பைக் குடைந்துகொண்டிருந்தேன். ஒரு வசதி கண்ணில் பட்டது. பட்டனை அழுத்தியதும் எதிர்முனைக்கு முதலில் ஒரு 'டிங்' போகும். ரேடியோ டிங்கைத் தின்னும், சொல் தப்பிக்கும். அத்தையின் போனில் அதைப் போட்டுவிட்டேன். சொல்வதற்குள் மேனேஜர் கூப்பிட்டார். சைட்டில் கலவையை மேலே ஏற்றும் பம்ப் தயார், அரை மணி முன்னதாகவே ஆரம்பிக்கலாம் என்றார். தலையணை, நோட்டு, பேனா, காபி என்று ஓடினேன். டிங் மறந்துபோனது.

அத்தை கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, காலை மூன்று தலையணைமேல் வைத்துக்கொண்டு பட்டனை அழுத்தினார்.

"எருமை, ஏழு, உள்ளே வா."

நான் காபியோடு நின்றுவிட்டேன்.

"என்ன பாக்கறீங்க? நீங்கதான யாருக்கும் கேக்காதுன்னு சொன்னீங்க. பத்தொன்பது வருஷம் மரியாதையாவே பேசி வாய் புளிச்சுப்போச்சு." மறுபடி அழுத்தினார். "ஆமை, மூணு, ஏழுக்குப் பின்னாடி நில்லு."

"சரி அக்கா" என்றது மூன்று. குரலில் ஒரு பணிவு.

சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். சொன்னால் பதறிவிடுவார். பதறினால் எண் தவறும். எண் தவறினால் மைக் அந்த ஆளிடம் போகும். வாயை மூடிக்கொண்டு காபியை மேசைமேல் வைத்தேன்.

"தூங்குமூஞ்சி, அஞ்சு, கிளம்பு. வாய்க்கொழுப்பு, நாலு, நீ அடுத்தது. ஊமைக்கோட்டான், ஒன்பது, எங்க இருக்க?"

"வரேன்" என்றது ஒன்பது. அவர் ஆறு வருடமாக அந்த ரேடியோவில் இதைத் தவிர வேறெதுவும் பேசியதில்லை என்று அத்தை சொல்லியிருக்கிறார்.

"சிடுமூஞ்சி, மேனேஜர் சார், பம்ப் நிக்காம ஓடுதான்னு கேட்டுச் சொல்லுங்க."

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

ஐந்தாறு நொடி கழித்து மேனேஜர் குரல் வந்தது. "ஓடுதும்மா."

லாரிகள் வந்தன, ஏற்றின, போயின. யாரும் சிகரெட்டுக்கு நிறுத்தவில்லை. யாரும் எதிர்த்துப் பேசவில்லை. நோட்டில் கோடுகள் ஏறிக்கொண்டே போயின. பத்து, பதினைந்து, இருபத்திரண்டு.

"பசங்க இன்னிக்கு என்ன இவ்வளவு ஒழுங்கு!" என்றார் அத்தை. பட்டனை அழுத்தினார். "ஊமைக்கோட்டான், ஒன்பது, இடத்தைச் சொல்லு."

"ஊமைக்கோட்டான் கேட்டுல நிக்கறேன் அக்கா."

அத்தையின் விரல் பட்டனைவிட்டு எழுந்தது. முகம் வெளுத்தது.

"மாப்பிள்ளை."

சொன்னேன். டிங், காலை, மறதி. மூன்று வாக்கியம்.

"எல்லாமேவா? எருமையும் கேட்டுதா?"

"எல்லாம்."

"மேனேஜருக்குமா?"

நான் தலையாட்டினேன். அத்தை போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். இதற்குள் அடுத்த லாரி உள்ளே வந்திருக்க வேண்டும். அரை நிமிடம் போயிற்று. ஒரு நிமிடம். ரேடியோவில் புதுக்குரல் கேட்டது, படித்த குரல்.

"மேடம், லைன்ல இருக்கீங்களா? நான் எடுத்துக்கட்டுமா?"

"சார், நீங்க கொஞ்சம் ஒதுங்குங்க" என்றது ஒரு கரகரத்த குரல். ஏழாம் லாரி. அத்தையைவிட இரண்டு வருடம் மூத்தவர். "அக்கா, எருமை வெளிய காத்துக்கிட்டு இருக்கு. உள்ளே வரவா?"

அத்தை என்னைப் பார்த்தார். உதடு துடித்தது. அழப்போகிறார் என்று நினைத்தேன். அவர் சிரித்தார். வாயைப் பொத்திக்கொண்டு, கட்டிலே குலுங்கச் சிரித்தார். "ஐயோ, காலு" என்று காலைப் பிடித்துக்கொண்டு மறுபடி சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே அழுத்தினார்.

"வாய்யா எருமை. ஏன்யா, மூணு மணி நேரமா ஒருத்தனாவது சொல்லக்கூடாதா?"

"காலு வலியில திட்டறீங்கன்னு விட்டுட்டோம் அக்கா. திட்டினா வலி குறையும்பாங்க."

"ஆமை, சைட்டுல இறக்கிட்டேன்."

"அக்கா, தூங்குமூஞ்சின்னு என் வீட்டுக்காரிதான் உங்ககிட்ட சொன்னாளா?"

"கம்முனு வண்டியைப் பாரு. எட்டு, ஒன்பதுக்குப் பின்னாடி வா."

"எனக்கு மட்டும் பேர் இல்லையா அக்கா?" என்றது எட்டு. குரலில் நிஜமான வருத்தம்.

முப்பத்தெட்டாவது லாரி ஒன்றே முக்கால் மணிக்கு இறக்கியது. ஒரு லாரிகூடத் தப்பாகப் போகவில்லை. அத்தை கடைசிக் கோட்டைப் போட்டுவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். மேனேஜர் ரேடியோவில் வந்தார்.

"அம்மா, தளம் முடிஞ்சுது. இன்ஜினியர் சுத்திப் பாத்துட்டு ஒரு குறையும் சொல்லல. அந்த ஆலைக்காரரைத் திருப்பி அனுப்பிட்டேன். கட்டுப் பிரிக்கற வரைக்கும் வீட்டுலேர்ந்தே பாருங்க. அப்புறம் உங்க நாற்காலிக்கு வந்துடுங்க."

"சரிங்க சார்" என்றார் அத்தை. குரல் சற்று உள்ளே போயிருந்தது.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நான் என்ன, சிடுமூஞ்சியா?"

ஒன்பது லாரிக்காரர்களும் ஒரே நேரத்தில் பட்டனை அழுத்தினார்கள். அப்படி அழுத்தினால் ரேடியோவில் யார் பேச்சும் புரியாது. இரைச்சல்தான் வரும். அது விடாமல் வந்தது.

அத்தை தலையணையில் விழுந்து சிரித்தார். எனக்கும் வந்துவிட்டது. நிறுத்த முடியவில்லை. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் என்னைக் காட்டிச் சிரித்தார், நான் அவரைக் காட்டிச் சிரித்தேன்.

யாரோ கதவைத் தட்டினார்கள். பக்கத்து வீட்டுக்காரர். முகத்தில் கலவரம்.

"என்னப்பா ஆச்சு? ஏதோ சத்தம் கேட்டுதே. அம்மாவுக்கு ஏதாவது…"

"ஒண்ணுமில்ல சார்" என்றேன். மூச்சு வாங்கியது. "தளம் போட்டு முடிச்சோம்."