பத்தொன்பதாவது முறை

மூன்று நாள் நிற்காமல் ஓடிக் காட்டிய என் கணினி நிரலை, அண்ணியின் சரிபார்ப்பான் ஒருமுறைகூட ஓட்டிப் பார்க்காமல் திருப்பி அனுப்பியிருந்தது. சிவப்பு எழுத்தில் ஒரே வரி: ‘இந்தப் பட்டியலுக்கு அளவு சொல்ல முடியவில்லை.’ எனக்குச் சுருக்கென்றது. பிறந்த குழந்தையின் கால்விரலில் பட்டையைச் சுற்றி நாடித்துடிப்பைக் காட்டும் கருவிக்கான நிரல் அது. அன்று மாலை நான்கு மணிக்கு இருபது கருவிகள் மருத்துவமனைக்குப் போயாக வேண்டும். வண்டி வாசலில் வந்து நின்றுவிட்டது.

அண்ணி என் அண்ணனின் மனைவி. அலுவலகத்தில் அடுத்த மேசை. வீட்டில் நாலு பேருக்குச் சமைக்கச் சொன்னால் ஒன்பது பேருக்குச் சமைத்து வைப்பார். அதே ஆள்தான் இரண்டு வருடம் தனியாக உட்கார்ந்து இந்தச் சரிபார்ப்பானை எழுதினார். ‘இது எண்களின் பட்டியல்’ என்று வகை சொல்வதோடு அது நிற்காது. ‘இதில் இத்தனை எண்கள்தான் இருக்கும்’ என்பதையும், எழுதியவர் சொல்லாமலேயே, நிரலைப் படித்துக் கண்டுபிடித்துவிடும். என்னால் ஆயுசுக்கும் ஆகாத வேலை. பொறாமைகூட வரவில்லை, பெருமையாகத்தான் இருந்தது, என் நிரலில் கை வைக்கும்வரை.

அவர் நிதானமாக விளக்கினார். கழன்ற பட்டையை மறுபடி மாட்டும்போதெல்லாம் பன்னிரண்டு புதிய அளவீடுகளைப் பழைய பட்டியலின் பின்னால் என் நிரல் ஒட்டுகிறது. ஒட்டி வந்ததுதான் அடுத்த முறைக்குப் பழைய பட்டியல். அப்படியே வளர்ந்துகொண்டு போகிற ஒன்றுக்கு எந்த எண்ணை அளவாகச் சொல்வது? கருவியில் இருப்பதோ 256 அளவீடுகளுக்கான இடம்.

நான் விடவில்லை. இரண்டு தடவைக்கு மேல் எங்கே கழலப்போகிறது என்றேன். சரிபார்ப்பானின் வாயை அடைக்க அண்ணியே ஒரு வழி வைத்திருந்தார்: ‘அளவு 256, என் பொறுப்பு’ என்று எழுதிக் கீழே பெயரைப் போடலாம். போட்டேன். சிவப்பு பச்சையானது.

அவர் கோபப்பட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். என் நிரல் ஏற்றிய ஒரு கருவியை எடுத்து வந்தார், என் செருப்பைக் கழற்றச் சொன்னார், கால் கட்டைவிரலில் பட்டையைச் சுற்றினார்.

“கொழந்தைங்க காலை உதைச்சுக்கிட்டேதான் இருக்கும் தம்பி. நீங்களும் கழட்டிக் கழட்டி மாட்டுங்க.”

“எத்தனை தடவை அண்ணி?”

“ஆரம்பத்துலயே பட்டியல்ல நாப்பது இருக்கு. தடவைக்குப் பன்னெண்டு சேரும். பதினெட்டு வரைக்கும் தாங்கும்.”

இந்த மூன்று நாளில் நான் பட்டையை ஒருமுறைகூடக் கழற்றியதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. குனிந்து குனிந்து முதுகு வலித்தது. பதினெட்டிலும் திரையில் எண் வந்தது. ஜெயித்தவன் போல நிமிர்ந்து பார்த்தேன். வாசலில் ஹாரன் கேட்டது.

பத்தொன்பதாவது முறை மாட்டினேன். திரை கறுத்தது. ஓட்டிப் பார்க்காமல், நிரலின் எழுத்தை மட்டும் படித்துச் சொன்ன கணக்கு; ஒன்றுகூடப் பிசகவில்லை. ஆச்சரியத்தில் என் நெஞ்சு அடித்துக்கொண்டது. பட்டைக்கு அடியில், கட்டைவிரலில், நாடி நன்றாகவே துடித்துக்கொண்டிருந்தது.