தேன்நிற விளக்கு

“கொஞ்சம் இங்கோட்டு திரும்பு மக்கா,” என்றார் தாணுலிங்கம்.

நாற்காலியில் உட்கார்ந்தபடி அஞ்சு முகத்தைத் திருப்பினாள். அவர் மேசை விளக்கை ஒரு சாண் நகர்த்தி வைத்தார். பிறகு மாப்பிள்ளை வீட்டார் உட்காரப்போகும் சோபாவில் போய் அமர்ந்து, தலையைச் சாய்த்து மகளைப் பார்த்தார். நாகர்கோவிலில் ஃபேன்சி லைட் கடை வைத்து ஆயுசில் பாதியைத் தொலைத்த மனிதர். எந்த பல்பு எதைக் காட்டும், எதை மறைக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

அந்த விளக்கு கடையில் யாரும் சீண்டாமல் கிடந்தது. சாய்ந்த மூன்று தேக்குக் கால்கள், பித்தளைத் தண்டு, மேலே காளான் குடை போலத் தேன்நிறக் கண்ணாடி. ஐம்பதுகளில் வெளிநாட்டு டிசைனர் யாரோ வரைந்தது, மிட் செஞ்சுரி மாடர்ன் என்று ஒரு பம்பாய் ஏஜென்ட் அவர் தலையில் கட்டிவிட்டுப் போயிருந்தான். வந்தவர்களெல்லாம் இந்த வெளிச்சத்தில் பேப்பர் படிக்க முடியுமா என்று கேட்டுவிட்டு டியூப்லைட் வாங்கிப் போனார்கள். ஒருநாள் கடை சாத்தும் நேரம், மற்ற விளக்கெல்லாம் அணைத்தபிறகு அஞ்சு அதன் பக்கத்தில் நின்றாள். இடது தாடையிலிருந்து கழுத்துக்கு இறங்கியிருந்த வெண்புள்ளி அப்போது கண்ணுக்குத் தெரியவில்லை. அன்றைக்கே விளக்கு வீட்டுக்கு வந்துவிட்டது.

அன்று அஞ்சு கதவைச் சாத்திக்கொண்டு, அந்த வெளிச்சத்தில் கண்ணாடி பிடித்துத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். பள்ளிக்கூடம் போன காலத்து முகம். சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்புறம் அந்தச் சந்தோஷத்தை நினைத்து அப்படியொரு வெட்கம்.

முன்பு பெண் பார்க்க வந்தவர்கள் டியூப்லைட்டில் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டார்கள். காப்பியைத் தொடாமலே எழுந்தவர்களும் உண்டு. இந்த முறை தாணுலிங்கம் ஏழு மணிக்கு வரச்சொன்னார். அந்த வருஷம் அவர்கள் ஊர் இராஜாக்கமங்கலத்தில் தினமும் ஏழு மணிக்குக் கரண்டு போனால் எட்டுக்குத்தான் வரும். ஊரே அதைத் திட்டிக்கொண்டிருக்க, அவர் ஒருவர்தான் அதை மலைபோல நம்பியிருந்தார். இன்வெர்ட்டரில் அந்த ஒரு விளக்கை மட்டும் இணைத்திருந்தார்.

மாப்பிள்ளை சிவதாணுவுக்குக் கூட்டுறவு சங்கத்தில் வேலை. அவன் அம்மா அஞ்சுவைவிட விளக்கைத்தான் அதிகம் பார்த்தாள். “கரண்டு இல்லாட்டாலும் வீடு என்ன லட்சணமா இருக்கு,” என்றாள். பிள்ளைகள் பேசட்டும் என்று பெரியவர்கள் முற்றத்துக்கு எழுந்தபோது, தாணுலிங்கம் போகிற போக்கில் விளக்கை மகள் பக்கமாக இன்னும் கொஞ்சம் தள்ளிவிட்டுப் போனார்.

சிவதாணு அவளைப் பயந்து பயந்து பார்த்தான். பார்த்த பிறகு கண்ணை எடுக்கவில்லை. “எங்கிட்ட ஏதாவது சொல்லணுமா?” என்று கேட்டான்.

நாக்கு நுனிவரைக்கும் வந்தது. தெரிந்துகொண்டே ஒருவன் சரி என்று சொல்ல வேண்டும், அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான். ஆனால் இத்தனை ஆசையாக இதுவரை யாரும் அவளைப் பார்த்ததில்லை. அது இன்னும் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போகட்டும் என்று பட்டது.

“ஒண்ணுமில்ல,” என்றாள்.

மறுநாள் காலையிலேயே சம்மதம் என்று போன் வந்தது. தாணுலிங்கத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. பரணிலிருந்து விளக்கின் அட்டைப்பெட்டியை இறக்கித் தூசி தட்டினார்.

“இத நீ கூடவே கொண்டு போயிரு. அங்கயும் சாயங்காலம் ரூம்ல இதத்தான் போட்டுக்கிடணும், கேட்டியா?”

“காலத்த விடிஞ்சா என்னப்பா செய்யதுக்கு? வெளிச்சம் வருமே.”

அவர் பெட்டியில் ஒட்டியிருந்த பழைய டேப்பை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். “தாலி கெட்டியாச்சுன்னா பெறவு அவன் என்ன சொல்லப் போறான் மக்கா,” என்றார். மெதுவாகத்தான் சொன்னார்.

சொல்லுவான் என்று அவளுக்குத் தெரியும். ஒன்றும் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அது அதைவிட மோசம். இப்போதே போன் செய்து சொல்லிவிடலாம். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு இன்றுதான் அவர் பாட்டு முணுமுணுத்தபடி சவரம் செய்திருந்தார்.

அவர் கயிறு எடுக்க உள்ளே போனார். கிழக்கு ஜன்னல் வழியாக வெயில் மேசைவரைக்கும் வந்திருந்தது. அஞ்சு சுவிட்சைப் போட்டாள். விளக்கு எரிகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. உள்ளங்கையைக் கண்ணாடிக் குடைமேல் வைத்துப் பார்த்தாள். சூடு மெல்ல ஏறி வந்து, பிறகு சுட ஆரம்பித்தது. அவள் கையை எடுக்கவில்லை.