தலைமாட்டுக் கத்தரிக்கோல்

பேராசிரியை நிரூபா கழுத்து வெட்டுவதில் பேர் போனவள். சொந்த ஊரான உடப்பில் அவளுடைய சொந்தக்காரர்களே அப்படித்தான் சொல்வார்கள், சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள். கொழும்பில் மாணவர்களுக்குத் தைரொயிட் சத்திரசிகிச்சை படிப்பிக்கிறவள், மாதத்தில் ஒரு வியாழக்கிழமை மட்டும் புத்தளம் கரையோரத்து ஓர் ஆஸ்பத்திரிக்கு வந்து கத்தி பிடிப்பாள்.

அவளிடம் ஒரு சட்டம் இருந்தது. கழுத்தில் வெட்டப்பட்டவர் எவராயினும், கட்டிலின் தலைமாட்டில் ஒரு கத்தரிக்கோல் ஒட்டியிருக்க வேண்டும். உள்ளே இரத்தம் கசிந்து கட்டினால் மூச்சுக்குழல் நசுங்கும். தியேட்டருக்குக் கொண்டு ஓட நேரமிராது; படுத்த இடத்திலேயே தையலை வெட்டித் திறக்க வேண்டும். வீக்கம் உடனே கண்ணில் பட வேண்டும்; ஆகவே கழுத்தை மூடவே கூடாது. அதைக் கால்மாட்டில் தொங்கும் அட்டையில் ஆங்கிலத்தில், கொட்டை எழுத்தில் எழுதியிருந்தாள்.

கருவாடு உலர்த்தும் வாடியில் வேலை செய்யும் ஹாஜராவுக்கு அப்படியொரு வியாழன் காலையில் கழுத்தில் வெட்டினார்கள். மாலை ஐந்து மணிக்குக் கற்பிட்டியிலிருந்து ஒரு வான் வண்டி நிறைய ஆட்கள் வந்து கட்டிலைச் சூழ்ந்துகொண்டார்கள். பாதிக்கு மேல் ஆண்கள். திறந்து கிடந்த கழுத்தை மறைக்கச் சொல்லி ஹாஜரா கண்ணாலேயே கெஞ்சினாள். தம்பி அர்கமின் மனைவி நஸ்லா புரிந்துகொண்டு, தன் சால்வையை மதினியின் கழுத்தில் சுற்றி, அது நழுவாமல் இரண்டு குண்டூசி குத்திவிட்டாள்.

ஆறு மணிக்கு, தன்னிடம் பயிலும் டொக்டர் அருள்குமரனோடு நிரூபா வாட்டுக்குள் நுழைந்தபோதே அந்தச் சத்தம் கேட்டது. விசில் ஊதுவதுபோல இழுத்து இழுத்து ஒரு மூச்சு.

"குறட்ட டொக்டர். நல்ல நித்திர," என்றாள் நஸ்லா.

நிரூபா சால்வையைப் பிடித்து இழுத்தாள். ஊசி அவள் உள்ளங்கையைக் கீறியது. கழுத்து தாடை வரை வீங்கிக் கறுத்திருந்தது. உதடு நீலம். அவள் கத்தரிக்கோலைப் பிய்த்தெடுத்தாள்.

"ஏய்! என்ன செய்யப் போறா நீ?" அர்கம் குறுக்கே வந்தான். வள்ளம் இழுத்து இறுகிய கை.

"விலகுங்க. இப்பத் தொறக்காட்டி மவுத்தாப் போயிருவா."

"மயக்காமலா? காலைல வெட்டினது காணாதா ஒனக்கு?"

அவள் முதல் தையலை வெட்டினாள். ஹாஜரா துடித்து உதைத்தாள். அர்கம் நிரூபாவின் கொண்டையைப் பிடித்து, கட்டில் சட்டத்தில் முகத்தை மோதினான். உதடு கிழிந்து வாயெல்லாம் உப்பு. இரண்டாவது தையல். மூன்றாவது. தடுக்கப் பாய்ந்த அருள்குமரன் நெஞ்சில் உதை வாங்கி அலுமாரியில் போய் விழுந்தான். நான்காவதை அவள் வெட்டி முடிக்கவும், சேலைன் தாங்கும் இரும்புக் கம்பி அவளுடைய வலது கையில் இறங்கியது. சுள்ளி முறிகிற சத்தம். கத்தரிக்கோல் நிலத்தில்.

"அருள்! உள்தையல்! வெட்டுடா!"

தவழ்ந்து வந்து எடுத்தவன் வெட்டினான். நிரூபா இடது கை விரல்களைக் காயத்துக்குள் நுழைத்து வழித்தெறிந்தாள். ஈரல் துண்டுபோல் உறைந்த இரத்தம் அர்கமின் சட்டையில் அறைந்தது. அடுத்த அடிக்கு ஓங்கிய கம்பி அப்படியே நின்றது.

ஹாஜரா மூச்சிழுத்தாள். முழு மூச்சு. இன்னொன்று. நீலம் வெளிறியது. அரைவாசி எழும்பி, தம்பியின் கன்னத்தில் பளாரென்று ஒன்று விட்டாள்.

"ராத்தா..." கம்பி அவன் கையிலிருந்து விழுந்தது.

"படுங்க, படுங்க," என்று நிரூபா துணியை வைத்து அழுத்தினாள். "கசியிற ரத்தக் குழாயக் கட்டணும். தியேட்டருக்கு, ஓடுங்க."

அர்கம் அவளுடைய வலது கையைப் பார்த்தான். இரண்டு விரல்கள் வேறு பக்கம் திரும்பிக் கிடந்தன. "நீங்களா டொக்டர் கட்டுவீங்க?"

"இந்தக் கையாலயா? இவர் கட்டுவார். நான் பக்கத்துல நின்டு சொல்லுவன். தள்ளு கட்டில!"

அவன் தள்ளினான்.

"கழுத்த மூடப்படாதெண்டு எங்களுக்கு ஆருமே சொல்லலியே," என்று நஸ்லா அழுதுகொண்டே கூட ஓடினாள்.

கால்மாட்டில் அட்டை ஆடிக்கொண்டிருந்தது. அந்தக் கொட்டை எழுத்தை வாசிக்க அந்த வானில் வந்தவர்கள் ஒருவருக்கும் தெரியாது.

"ஓம்," என்றாள் நிரூபா. "நான் சொல்லல்ல."

ஏழேகாலுக்கு அருள்குமரன் அந்தக் குழாயைக் கண்டுபிடித்துக் கட்டினான். முடிச்சு இறுகியதா என்று இரண்டு தரம் கேட்டு நிச்சயப்படுத்திக்கொண்ட பிறகுதான், நிரூபா தன் விரல்களை வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்தாள்.