மவுஸுக்கு இடப்பக்கம்

1.

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. சமூக அக்கறை, மண்ணின் மணம் என்று ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம்தான். வயிறு எரிந்துகொண்டே எழுதுகிறவளுக்கு அதற்கெல்லாம் ஏது நேரம்?

என் கணவர் ஜெயபாண்டி திருச்சுழியில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறார். வலக்கைக்காரர். சாப்பிடுவது, கையெழுத்துப் போடுவது, என்னிடம் விரலை ஆட்டிப் பேசுவது எல்லாம் வலக்கை. மவுஸ் மட்டும் இடக்கை. அதுவும் அடியில் சிவப்பு விளக்கு எரியும் அந்தப் பழைய வயர் மவுஸ்தான் வேண்டும். நான் வாங்கித் தந்த வயரில்லாத மவுஸ் இன்னும் அட்டைப்பெட்டியிலேயே கிடக்கிறது.

போன மாசம் சும்மா கேட்டேன்.

"ஏங்க, அதென்ன நொட்டாங்கைப் பழக்கம்?"

"அருப்புக்கோட்டையில வேலை பாக்கும்போது ரெண்டு பேருக்கு ஒரே கம்ப்யூட்டரு. ரேணுகாதேவின்னு ஒரு புள்ள. அது எனக்கு இடது பக்கம் உக்காரும், மவுசு நடுவுல. அதுக்கு வலது கை வாகு, எனக்கு இடது கைதான் மிச்சம்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை.

2.

(முதல் தொடக்கம். அடித்துவிட்டேன், ஆனாலும் கிடக்கட்டும்.)

'ரேணுகாதேவிக்குத் தெத்துப்பல். அவள் பேசினால்…'

ஓடவில்லை. மூன்றாம் வரிக்குள் அந்தத் தெத்துப்பல்லே அவளுக்கு அழகாகிவிட்டது. எழுதுகிறவள் நான்தானே? பாவி, யாரைக் கேட்டு இவ்வளவு அழகாகிறாள்?

(இரண்டாம் தொடக்கம்.)

'உருண்டை வைத்த மவுஸுக்குள் பஞ்சுத்தூசி அடைத்துக்கொள்ளும். அவள் நகத்தால் சுரண்டுவாள், அவர் ஊதுவார். பிறகு சிவப்பு விளக்கு மவுஸ் வந்தது. இருவரும் அதைத் தலைகீழாகத் திருப்பி, அந்த வெளிச்சத்தில்…'

வெளிச்சத்தில் என்ன? எழுத மாட்டேன். நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். வேண்டாம், நினைக்காதீர்கள்.

[அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: அந்த மவுஸுக்குக் கண்ணாடி ஆகாது. மேஜைக் கண்ணாடிமேல் வைத்தால் திரையில் அம்பு நின்ற இடத்திலேயே நிற்கும். அதனால் இவர் ஒரு வெள்ளைத் துணி விரித்திருக்கிறார். ரேணுகா வீட்டில் தறி ஓடியதாம். துணி யார் கொடுத்தது என்று நான் கேட்கவில்லை. அதை உருவிவிட்டுப் பொடிக்கட்டம் போட்ட துண்டை விரித்தேன். அம்பு பேய் பிடித்த மாதிரி குதித்தது. மனுஷன் செய்தித்தாளை மடித்துப் போட்டுக்கொண்டார், அப்போதும் இடப்பக்கம்தான்.]

3.

சில முடிவுகளை யோசித்தேன். ரேணுகாதேவி ஏதோ சான்றிதழுக்காக சென்டருக்கு வருகிறாள். குண்டாக இருக்கிறாள். (அற்பம்தான். தெரியும்.) ஆனால் வந்தவள் அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டால் நான் எங்கே போவேன்?

மவுஸ் கெட்டுப்போகிறது என்று வைத்தால், புது மவுஸையும் அதே பக்கம் வைப்பார். மவுஸை ஒழித்தாலும் அந்தப் பக்கத்தை என்ன செய்வது? அவருக்கு இடப்பக்கத்தில் இன்னும் அவள்தான் உட்கார்ந்திருக்கிறாளா என்பது எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

4.

இது யோசித்தது இல்லை. நேற்று மத்தியானம் நடந்தது. சென்டரில் ஆள் இல்லை. ஸ்டூலை இழுத்துப்போட்டு அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்தேன்.

"ஏம்மா, இந்தப் பக்கம் வந்து உக்காரு."

"ஏன், அங்க ஆள் இருக்கா?"

திரும்பிப் பார்த்தார்.

"இல்ல… அங்க யாரும் உக்கார்றதில்ல. அதான்."

கஸ்டமர் உட்காரும் இடம் என்றாவது சொல்லியிருக்கலாம். நம்பித் தொலைத்திருப்பேன்.

"இனிமே நான் உக்காருவேன்" என்றேன். மவுஸின் மேல் என் வலக்கையை வைத்தேன். என் கைக்கு அடியில் அவருடைய இடக்கை இருந்தது.

அவர் கையை எடுத்தாரா, எடுக்கவில்லையா? அதை நீங்கள் எழுதுங்கள். எடுக்கவில்லை என்று எழுதினால் மட்டும் படிக்கிறேன்.